டண்டாஸ் கோட்டைக்கு ஒரு பொன்னாடை

1

இந்தக் குறிப்பில் ஒரு மனிதருடைய பெயர் வராது. உங்களில் சிலருக்கு அந்தப் பெயர் தெரியும். சென்ற ஆவணியில் வெள்ளவத்தையில் நடந்த என் புத்தக வெளியீட்டுக்கு வந்திருந்தால் அவருடைய முகத்தையும் பார்த்திருப்பீர்கள். பார்த்திருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அன்றைக்கு வந்தவர்கள் நல்ல மனிதர்கள். வடையும் தேநீரும் முடிந்த பிறகு என் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போனவர்கள். ஆகவே கோபத்தைக் கொஞ்சம் அடக்கி எழுதப் பார்க்கிறேன். முடியுமோ தெரியாது.

நான் வெள்ளவத்தைக்காரி. இப்போது வட அவுஸ்திரேலியாவில் டார்வினில் இருக்கிறேன். வந்து எத்தனை வருடம் என்று கேட்டால், வந்த புதிதில் கையில் தூக்கித் திரிந்த என் மகள் ஆரணி இன்றைக்கு மெல்பேணில் வேலை பார்க்கிறாள் என்று சொல்வேன். ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினோடு ஒருவரைத் தொடுத்துவிட்டால் அரை நாள் அவர் அந்தக் கதிரையை விட்டு அசைய முடியாது. பக்கத்தில் நிற்கும் தாதியோடு கதைக்காமல் வேறு என்ன செய்வது?

டார்வினுக்கு வடக்கே, படகில் போய்வரக்கூடிய தூரத்தில், திவி என்ற ஆதிக்குடி மக்களின் தீவுகள் இருக்கின்றன. அங்கிருந்து சிகிச்சைக்காக நகரத்துக்கு வந்து, திரும்பிப் போக முடியாமல் தங்கிவிட்டவர்களில் ஒருத்திதான் நான் சொல்லப்போகும் அன்ரி. என்னைவிட ஓரிரு வயதுதான் கூட. ஆனால் அங்கே வயது வந்த பெண்களை எல்லோரும் அன்ரி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தானே, எனக்கு அது வாயில் இலகுவாக வந்தது. தன் தீவை ஜன்னலால் பார்க்கமுடியாத ஒரு நகரத்தில் வாழ்வது எப்படி என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் சிநேகம் அங்கேதான் தொடங்கியது.

பெயர் சொல்லக் கூடாதவர் அன்ரியின் தம்பி.

2

தம்பிதான் என்னைத் தங்கள் தீவில் இருக்கும் டண்டாஸ் கோட்டையைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர். கோட்டை என்றதும் நான் காலிக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு தொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் எடுத்துப் போனேன். அங்கே இருந்தது ஒரு குழி. பற்றைக்குள் வளைந்து போகும் நீளமான அகழி, சில கற்கள், நுளம்பு. அவ்வளவுதான். என் முகம் போன போக்கைப் பார்த்துத் தம்பி வயிறு குலுங்கச் சிரித்தார்.

1824இல் பிரித்தானியர் அந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். ஒல்லாந்தர் முந்திக்கொள்வதற்குள் வட கரையில் ஓர் இடத்தைப் பிடிக்கவேண்டும், அதை இன்னொரு சிங்கப்பூர் ஆக்கவேண்டும் என்பது திட்டம். மக்காசார் பக்கத்திலிருந்து வருடாவருடம் கடலட்டை எடுக்க வரும் ஓடங்கள் இனித் தங்களிடம் வந்து வியாபாரம் செய்யும் என்று எதிர்பார்த்தார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இன்றைக்கும் சண்டை மூட்டும் அதே கடலட்டைதான். சிட்னியிலிருந்து படைவீரர்களையும் கைதிகளையும் கொண்டுவந்து மரங்களை வெட்டிச் சுவர் வைத்தார்கள், அகழி தோண்டினார்கள், பீரங்கியை ஏற்றினார்கள், கொடியை உயர்த்தித் தீவு தங்களுடையது என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைக் கேட்கத் தீவுக்காரர் ஒருவரும் அழைக்கப்படவில்லை.

எதிர்பார்த்த ஓடங்கள் அந்தப் பக்கம் வரவில்லை. அவை வழக்கமாகப் போகும் பாதை வேறு என்பதை யாரும் முதலில் விசாரித்திருக்கவில்லை. உணவு எடுத்துவரப் போன கப்பல்கள் திரும்பவில்லை, கடற்கொள்ளையரிடம் மாட்டிக்கொண்டன. காய்ச்சல் வந்தது. காய்கறி இல்லாமல் பல்முரசு வீங்கி இரத்தம் வடிந்தது. சுவருக்கு வெளியே விறகுக்குப் போனவர்கள் மீது ஈட்டிகள் பாய்ந்தன. அவர்களுடைய வைத்தியரே ஈட்டிக்குச் செத்தார். ஐந்து வருடம் முழுதாக நிறையுமுன் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தீமோரிலிருந்து கொண்டுவந்த எருமைகளை மட்டும் விட்டுப் போனார்கள். அவை காட்டுக்குள் போய்ப் பெருகிக்கொண்டன. எருமைக்கு மட்டும்தான் இந்தக் குடியேற்றம் சரிவந்தது என்பார் தம்பி.

அவருக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. காலநிலை, காய்ச்சல், வியாபாரம் இல்லாமை என்று புத்தகங்கள் காரணம் அடுக்குகின்றன. எங்களுடைய ஆட்கள் துரத்தினார்கள் என்று முதல் வரியில் எழுத ஏன் ஒருவருக்கும் கை வருவதில்லை என்று கேட்டார். அவர்களுடைய குடும்பத்தில் சொல்லப்படும் ஒரு கதையும் இருந்தது. வெள்ளையர்கள் முதலில் ஒரு முன்னோருக்குக் கோடரி ஒன்றைக் கையில் கொடுத்தார்களாம். தீவில் அதற்கு முன் இரும்பு அருமை. பிறகு இன்னொருவர் போய்க் கோடரி கேட்டபோது துவக்கு வெடித்தது. கொடுத்த கையா சுட்டது என்று நம்ப முடியாமல் மறுபடியும் போய்ப் பார்த்தவர்களும் உண்டாம். அதற்குப் பிறகுதான் ஈட்டிகள் ஒழுங்காகப் பறக்கத் தொடங்கின.

நான் என் பங்குக்கு எங்களுடைய கதையைச் சொன்னேன். எங்கள் ஊரில் ஒல்லாந்தரும் வெள்ளையரும் போன பிறகும் கோட்டை என்ற பெயர் போகவில்லை, கொழும்பில் பஸ் கொண்டக்டர்மார் இன்றைக்கும் அந்தப் பெயரைக் கூவித்தான் ஆள் ஏற்றுகிறார்கள் என்றேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்து, எங்களைக் கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பியதையும் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்தி, அந்தக் கப்பலைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். கடைசியில், இதை உன் மொழியில் எழுது, உன் ஆட்களுக்கு விளங்கும் என்றார்.

அப்போது அகழிக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் நின்று எடுத்த படம் ஒன்று என் போனில் இருந்தது.

3

நான் எழுதி முடிக்கும்போது தம்பி இறந்துவிட்டார். அந்த மக்களிடையே ஒருவர் இறந்தால் அவருடைய பெயரைச் சொல்லமாட்டார்கள், படத்தைக் காட்டமாட்டார்கள். சடங்குகள் முடிந்து, இனிப் பரவாயில்லை என்று குடும்பம் சொல்லும்வரை அப்படித்தான். அந்தப் பெயரே உள்ள உயிரோடிருப்பவரைக்கூட வேறு பெயரால் கூப்பிடுவார்கள். அன்ரி மெஷினில் இருந்தபடி என்னிடம் சொன்னாள்: கதை போகட்டும், அது அவனுடைய ஆசை. பெயரும் முகமும் போகக் கூடாது. நான் ஓம் என்று தமிழிலேயே சொன்னேன். அந்த ஒரு சொல் அவளுக்குத் தெரியும்.

புத்தகத்தைக் கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருக்கும் குணத்திடம் கொடுத்தேன். குணம் என் சிறுவயதுக் கூட்டாளி. வெள்ளவத்தை டியூட்டரியில் என் கணக்குக் கொப்பியைப் பார்த்து எழுதித்தான் பாஸ் பண்ணினவன். இப்போது அவனுடைய அச்சகம் நினைவு மலர்களால்தான் நடக்கிறது. முப்பத்தோராம் நாளுக்கு வீடு வீடாகக் கொடுப்போமே, அந்த மலர்கள்தான். முதற் பக்கத்தில் இறந்தவரின் படம், இரு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தோற்றமும் மறைவும், பிறகு தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல். கொழும்பில் செத்தவீடு நடந்தால் மூன்றாவது போன் குணத்துக்குத்தான் போகும் என்று அவனே பெருமையாகச் சொல்வான்.

அவனுக்கு நான் போனில் ஒன்றுக்கு இரண்டு தடவை விளக்கினேன். பெயர் இல்லை, படம் இல்லை. அவன் விளங்குது விளங்குது என்றான். அவனுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகத்தான், இந்த மனிதர்தான் என்று பெயரையும் சொல்லி, அகழிப் படத்தை அனுப்பினேன். நாங்கள் ஒரே மேசையில் இருந்து படித்தவர்கள். அதற்குமேல் ஒரு நம்பிக்கைப் பத்திரம் தேவை என்று நான் நினைக்கவில்லை.

கொழும்புக்குப் போவதற்கு, பிறந்த ஊருக்கே, இணையத்தில் விசா எடுத்தேன். வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டிருந்தார்கள். உல்லாசப் பயணம் என்பதை அமத்தினேன். வீட்டுக்குப் போகிறேன் என்று அமத்துவதற்கு இடம் இருக்கவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பாதி விளங்கியது, ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. வெள்ளவத்தையில் ஓட்டோக்காரரிடம், மல்லி, கொட்டஹேன யனவாத, கொட்டாஞ்சேனைக்குப் போவீரா, என்று என் பழைய சிங்களத்தை எடுத்து விட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, மேடம் கனடாவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் நாக்கு இரண்டு ஊரிலும் பிழைக்கத் தெரியாத நாக்காகிவிட்டது.

4

அச்சகத்தில் புத்தகக் கட்டைக் குணம் மேசையில் வைத்து, மேல் கடதாசியைத் தானே கிழித்தான். சின்னப் பிள்ளைக்குப் பிறந்தநாள் சாமானைக் காட்டுவது போல இருந்தது. அட்டை நன்றாக இருந்தது. முதற் பக்கத்தைத் திருப்பினேன்.

தம்பியின் முகம். இரு பக்கமும் குத்துவிளக்கு. கீழே பெரிய எழுத்தில் முழுப் பெயர், அதற்குக் கீழே கண்ணீர் அஞ்சலி. அகழிப் படத்திலிருந்து என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் எடுத்திருந்தான். அவருடைய தோளில் என் கைவிரல்கள் மட்டும் வெட்டுப்படாமல் மிஞ்சியிருந்தன.

புத்தகத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். பிறகு, மறந்துபோனாயா என்று கேட்டேன். மறந்திருந்தால் நான் அவனை மன்னித்திருப்பேன்.

“மறக்கேல்லை சாந்தி,” என்றான். “நீ சொன்னனீதான். நான் யோசிச்சுப் பாத்தன். செத்த மனிசனுக்கு ஒரு படமும் இல்லாமப் புத்தகம் போட்டா ஆர் மதிப்பினம்? அதுகள் சும்மா கூச்சத்தில சொல்லியிருக்குங்கள். நாளைக்குக் கையில கிடைச்சாச் சந்தோசப்படுங்கள், நீ இருந்து பார்.”

அதுகள் என்றான். சொல்லியிருக்குங்கள் என்றான். அதற்குள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் பார்சல் போயிருந்தது. அச்சகத்தின் பேஸ்புக்கிலும் படம் ஏறியிருந்தது. அதை உடனே எடுக்கச் சொன்னேன், எடுத்தான். ஆனால் எடுக்கும்போது அவனுடைய முகத்தில் இருந்தது குற்ற உணர்வு இல்லை, மனத்தாங்கல். தன் கையால் ஆன ஆகப் பெரிய மரியாதையைச் செய்திருக்கிறான், நான் அதைத் தட்டிவிடுகிறேன்.

வெள்ளையரும் அந்தக் கரையில் கொடியை ஏற்றும்போது மரியாதையாகத்தான் ஏற்றியிருப்பார்கள் என்று எனக்குப் பட்டது. ஒருவரிடமும் கேட்காமல், தங்களுக்குத் தெரிந்த மரியாதையை.

5

மாலையில் மண்டபத்துக்குப் போனால் வாசலிலேயே பனர். அதே முகம், ஆள் உயரத்துக்கு. மேடையில் இன்னொன்று. அதன் முன்னால் குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது. தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் தம்பியின் பெயரை ஒலிவாங்கியில் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு விதமாகச் சொன்னார். சரியாகச் சொல்லாதது ஒருவகையில் நல்லது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். பிறகு எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செய்தார்கள்.

மௌனம் முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் வேறு ஒன்றும் யோசிக்கவில்லை. பொன்னாடையைக் கழற்றி, மேடையைக் கடந்து போய், பனரின் மேல் போட்டு அந்த முகத்தை மூடினேன்.

மண்டபம் கைதட்டியது.

மறைந்தவருக்கே பொன்னாடையைச் சமர்ப்பித்துவிட்டார், என்ன தன்னடக்கம் என்று அதிபர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். பலர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பட்டுத் துணிதானே, வழுக்கி விழுந்தது. கழுத்தைச் சுற்றி மாலை மாதிரி நின்றுகொண்டது. முகம் முன்பைவிட வடிவாகத் தெரிந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒலிவாங்கியைப் பிடுங்கி, இந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், எடுத்த படங்களையும் தயவுசெய்து அழித்துவிடுங்கள், இது அவர்களுடைய வழக்கம் இல்லை, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. குணம் வந்து பனரைச் சுருட்டினான். சுருட்டும்போது அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

“இவ்வளவு சனத்துக்கு முன்னால என்னை இப்படிச் செய்துபோட்டியே,” என்றான் மெதுவாக.

அதற்குப் பிறகு அவன் இரண்டு மூன்று தடவை போன் எடுத்தான், நான் தூக்கவில்லை. டியூட்டரி மேசையிலிருந்து வந்த சிநேகம் அந்தப் பனரோடு சேர்ந்து சுருட்டுப்பட்டுவிட்டது. அவன் கெட்டவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். கெட்டவன் செய்திருந்தால் இவ்வளவு நொந்திருக்காது.

6

நான் தங்கியிருந்த என் அக்காவின் அடுக்குமாடி வீட்டில், காலி வீதி பஸ் இரைச்சலுக்குள், விற்காமல் மிஞ்சிய பிரதிகளை நிலத்தில் பரப்பி, முதற் பக்கத்தை ஒவ்வொன்றாகப் பிளேட்டால் வெட்டினோம். வெட்டிய பக்கங்களை என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். குப்பையில் போட மனம் வரவில்லை, எரிக்கவும் மனம் வரவில்லை. ஒரு மனிதரின் முகம். எங்கள் வழக்கமும் என்னை விடவில்லை, அவர்களுடைய வழக்கமும் என்னை விடவில்லை. கடைசியில் அக்கா முகங்கள் உள்நோக்கி இருக்கும்படி மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தாள்.

அப்போதுதான் ஆரணி மெல்பேணிலிருந்து போன் எடுத்தாள். என் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என் புத்தகத்தில் ஒரு வரி அவளால் வாசிக்க முடியாது. ஆனால் முகத்தை வாசிக்க எழுத்து தேவையில்லை. பொன்னாடை போட்ட பனரின் படத்தை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள், அது அவளுடைய டார்வின் பள்ளிக்கூடச் சிநேகிதிகள் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர்களில் ஒருத்தி திவிப் பிள்ளை.

“அம்மா, நீங்கதானே சொன்னீங்க, ஃபேஸ் வராது எண்டு,” என்றாள். அவளுடைய தமிழில் ஒவ்வொரு சொல்லும் தேடி எடுத்து வைக்கப்பட்டது. “நான் அவளிட்ட சொன்னனான், எங்கட அம்மா அப்பிடிச் செய்யமாட்டா எண்டு.”

நான் செய்யவில்லை, குணம் மாமா செய்தார் என்றேன். குணம் மாமா யார் என்று கேட்டாள். சின்ன வயதில், விடுமுறைக்குக் கொழும்பு போனபோது, அவளைத் தோளில் வைத்துக் காலிமுகத்திடலில் பட்டம் காட்டியவன். அவளுக்கு நினைவில்லை. அவளுக்கு எங்களுடைய ஆட்கள் எல்லோரும் ஒன்றுதான், என்னையும் சேர்த்து. அன்றைக்குத்தான் என் பிள்ளை என்னை எங்கே நின்று பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கியது. தொலைவில்தான் நிற்கிறாள். அவளை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது நாங்கள்தானே.

இந்தப் புத்தகம் உங்களிடம் இருந்தால் முதற் பக்கத்தை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வேறு இடத்தில் இப்படிக் கேட்டேன். ஒருவர் எடுத்துவிட்டதாக எழுதினார், நன்றி. இன்னொருவர் அந்தப் பக்கத்தை வெட்டி, சட்டம் போட்டு, வீட்டு வாசிகசாலையில் பூவோடு வைத்திருப்பதாக அன்பாக எழுதினார்.

7

டார்வினுக்கு வந்த முதல் நாளே அன்ரியிடம் போனேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் கதிரைக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு ஒன்றும் விடாமல் சொன்னேன்: குணம், நினைவு மலர், எங்களுடைய செத்தவீட்டு வழக்கம், பொன்னாடை, கைதட்டல். துணிப் பொதியைக் கொடுத்தேன். அவள் அதை அவிழ்க்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். தம்பியின் சடங்கு இன்னும் முடியவில்லை என்றும், தாய் வழியில் ஒரு கிழவி அந்தப் படத்தைப் பிள்ளைகளின் போனில் கண்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்றும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

“அந்த ஆள் உன் ஆளா?” என்று கேட்டாள்.

சின்ன வயதிலிருந்தே என்றேன்.

“அப்படியென்றால் அது நீதான்,” என்றாள்.

அவர்களுடைய தீவில் அப்படித்தான் கணக்கு. உன் ஆள் செய்தது நீ செய்தது. கோட்டைக்குள் இருந்த வைத்தியர் ஒரு துவக்கும் சுட்டிருக்கமாட்டார், ஆனாலும் ஈட்டி அவருக்கும் பாய்ந்தது. அதைப் புத்தகத்தில் நானே விளக்கி எழுதியிருக்கிறேன், நியாயம்தான் என்ற தொனியில்.

அடுத்த முறை அவள் வந்தபோது புதிதாகச் சேர்ந்த தாதிப்பெண் ஒருத்தியும் வேலையில் இருந்தாள். அன்ரியின் கையில் நாளம் மிக ஆழத்தில் ஓடுகிறது. அதற்கு ஊசி போடுவது லேசு இல்லை. இவ்வளவு வருடமும் நான் வேலையில் இருக்கும்போது வேறு ஒருவரையும் அந்தக் கையைத் தொட விட்டதில்லை அவள். நான் லீவில் நின்றால் அன்றைக்குப் பெரிய ரகளை. நான் கையுறையைப் போட்டுக்கொண்டு அவளிடம் போனேன். அவள் என்னைத் தாண்டி அந்தப் புதிய பெண்ணைப் பார்த்து, நீ வா என்றாள்.

முதல் ஊசி பிழைத்தது. கை வீங்கி நீலமானது. அந்தப் பெண் பயந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அன்ரி தலையை அசைத்தாள், எனக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்கு. இரண்டாவது ஊசியும் பிழைத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மூன்றாம் தடவைக்கும் அந்தப் பெண்ணிடமே கையை நீட்டினாள்.